தோற்ற விளம்பரமும் கலைக்களஞ்சியத்தின் கடமையும்



இதழியலும் மக்கள் தொடர்பியலும் பயில்வோருக்காக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. விளம்பர வரலாறு பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தீர்கள். வெற்றி பெற்ற விளம்பரங்களை உங்கள் பாடநூல்களே வரிசைப்படுத்தித் தருகின்றன. ஆகவே ஒரு தோல்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 1985-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அமெரிக்கத் துரித உணவு நிறுவனம் சுமார் 4 கோடி டாலர் செலவில் ஒரு விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. சில மாதங்களிலேயே அது கைவிடப்பட்டது. அந்த இயக்கத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தரலாமா? இதுதான் இன்றைய வினா.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரலாம், தர வேண்டும். அது தோற்றது என்பதோ, வேடிக்கையானது என்பதோ இதற்குக் காரணம் ஆகாது. அந்த நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்கள், அந்தக் காலத்திலேயே, அதைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார்கள். அந்த எழுத்தின் வழியே ஒரு சமூகத்தின் ஒரு காலத்தை நம்மால் படிக்க முடிகிறது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு கடமை பிறக்கிறது.

1. ஹெர்ப் எங்கே?

முதலில் கதையைச் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்க பர்கர் சந்தையில் மெக்டொனால்ட்ஸ் முதலிடத்தில் இருந்தது. பர்கர் கிங், வெண்டீஸ் ஆகியவை அதைத் துரத்திக்கொண்டிருந்தன. 1954-இல் மயாமியில் தொடங்கிய பர்கர் கிங், 1967 முதல் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனத்தின் கையில் இருந்தது. 1982-இல் அது போட்டியாளரின் பெயரைச் சொல்லியே விளம்பரம் செய்தது. எங்கள் பர்கர் அளவில் பெரியது, தீயில் வாட்டியது என்றது. மெக்டொனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது.

1984 ஜனவரியில் வெண்டீஸ் ஒரு விளம்பரம் வெளியிட்டது. எண்பது வயதைக் கடந்த கிளாரா பெல்லர் என்ற மூதாட்டி, போட்டிக் கடையின் பெரிய ரொட்டியைத் திறந்து, உள்ளே கிடக்கும் சின்னஞ்சிறு இறைச்சித் துண்டைப் பார்த்து, "மாட்டிறைச்சி எங்கே?" என்று அதட்டுவார். அந்தக் கேள்வி நாடு முழுவதும் பரவியது. அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில், கேரி ஹார்ட்டின் கொள்கைகளில் சரக்கில்லை என்பதைக் காட்ட வால்ட்டர் மாண்டேல் விவாத மேடையில் அதே கேள்வியை வீசினார். ஒரு பர்கர் விளம்பரம் தேர்தல் அரசியலுக்குள் நுழைந்துவிட்டது. வெண்டீஸின் விற்பனையும் ஏறியது.

பர்கர் கிங்கும் அதன் விளம்பர முகமையான ஜே. வால்ட்டர் தாம்சனும் இதற்கு ஈடாக ஒன்றைத் தேடின. அப்படிப் பிறந்தவன்தான் ஹெர்ப். பர்கர் கிங்கின் வாப்பர் என்ற பர்கரை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சாப்பிடாத ஒரே மனிதன் என்று ஒரு கற்பனைப் பாத்திரம். 1985 நவம்பரில் விளம்பரங்கள் தொடங்கின. ஹெர்பின் உறவினர்கள், நண்பர்கள் என்று சிலர் தொலைக்காட்சியில் தோன்றி அவனைப் பற்றிப் பேசினார்கள். ஹெர்ப் மட்டும் கண்ணில் படவில்லை. கடைக்கு வந்து "நான் ஹெர்ப் இல்லை" என்று சொல்பவருக்கு 99 சென்ட் விலையில் வாப்பர். உண்மையிலேயே ஹெர்ப் என்று பெயர் கொண்டவர்கள், "நீங்கள் தேடும் ஹெர்ப் நான் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

1986 ஜனவரி 26 அன்று, நியூ ஆர்லியன்சில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் ஒளிபரப்பில் ஹெர்பின் முகம் காட்டப்பட்டது. அமெரிக்காவில் 9 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த ஒளிபரப்பு அது. தடித்த சட்டமிட்ட கண்ணாடி, உடலுக்குப் பொருந்தாத கோட்டு, வெள்ளைக் காலுறை. ஜான் மெனிக் என்ற நடிகர் அந்த வேடத்தில் இருந்தார். பிறகு அவர் நாடெங்கும் பர்கர் கிங் கடைகளுக்குத் திடீரென்று வருவார் என்றும், முதலில் அடையாளம் காண்பவருக்கு 5,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார்கள்.

மக்கள் எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு. இரண்டு மாதம் மறைத்துவைத்த புதிருக்கு விடையாக ஓர் அசட்டுத் தோற்றமுள்ள மனிதர் வந்து நின்றார். ஆவல் அன்றே வடிந்துவிட்டது. 1986-இல் பர்கர் கிங்கின் லாபம் 40 விழுக்காடு வீழ்ந்தது என்று செய்திகள் வந்தன. 1987-இல் ஜே. வால்ட்டர் தாம்சன் முகமை பர்கர் கிங்கின் விளம்பரப் பணியை இழந்தது. ஆண்டுக்கு 20 கோடி டாலர் பெறுமதியுள்ள அந்தப் பணி என்.டபிள்யூ. அயர் என்ற முகமைக்குப் போனது. விளம்பரத் துறையின் முதன்மை இதழான 'அட்வர்டைசிங் ஏஜ்', அந்தப் பத்தாண்டில் மிகப் பெரிய ஏற்பாட்டோடு நடத்தப்பட்ட தோல்வி என்ற பொருளில் இதைக் குறித்தது.

2. அலபாமாவில் நடந்தது

இந்தக் கதையில் என்னை மிகவும் நிறுத்திவைக்கும் பகுதி ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தின் பெசமர் நகரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் கடையில் ஹெர்பை அடையாளம் கண்டுவிட்டான். ஆனால் போட்டியில் கலந்துகொள்ள 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. பரிசு, அவனோடு வந்திருந்த, வயதில் மூத்த நண்பனுக்குப் போனது. சிறுவனின் பெற்றோர் தங்கள் மாநில செனட்டரிடம் முறையிட்டார்கள். அலபாமா மாநில செனட், நிறுவனத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மாணவர்கள் ஹெர்பைத் தேடிக்கொண்டு பள்ளிக்கு மட்டம் போடக் கூடாது என்பதற்காகவே அந்த வயது வரம்பு என்று நிறுவனம் விளக்கம் தந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் எத்தனை இழைகள் பின்னிக் கிடக்கின்றன என்று பாருங்கள். ஒரு வணிகப் போட்டியின் விதியை ஒரு சட்டமன்றம் விவாதிக்கிறது. யாரைக் கடைக்கு வரவழைக்க விரும்புகிறார்களோ அவர்களில் பெரும்பகுதி இளையோர். அவர்களையே பரிசிலிருந்து விலக்க வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இருக்கிறது. பரிசுப் போட்டி வணிகத்தின் உட்சிக்கல் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் தெரிகிறது. விளம்பரம் பயிலும் மாணவர் இதை எங்கே தேடிப் படிப்பார்? நிறுவனம் தன் விழா மலரில் இதை அச்சிடாது. முகமை தன் சாதனைப் பட்டியலில் சேர்க்காது. கலைக்களஞ்சியம் சேர்க்காவிட்டால், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குள் தூசியோடு கிடக்கும்.

3. ஏன் தோற்றது, அது ஏன் முக்கியம்

ஹெர்ப் இயக்கம் தோற்றதற்கு அக்காலத்து விமரிசகர்கள் பல காரணங்களைச் சொன்னார்கள். தலையானது ஒன்று. விளம்பரம் முழுவதும் ஹெர்பைப் பற்றியே பேசியது, உணவைப் பற்றிப் பேசவில்லை. வெண்டீஸ் மூதாட்டியின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரொட்டிக்குள் இருக்கும் பண்டத்தைப் பற்றிய கேள்வி. கேட்டவர் சிரித்தாலும், எந்தக் கடையில் இறைச்சி அதிகம் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடும். ஹெர்ப் யார் என்ற கேள்வியோ, விடை தெரிந்த மறுகணமே முடிந்துவிடும். அதில் வாப்பரை வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாயகனாக நிறுத்தப்பட்டவன் அந்தப் பண்டத்தைத் தொடாதவன். அவனை அசடனாகக் காட்டிவிட்டு, அவனைத் தேடி வாருங்கள் என்று அழைத்தார்கள். அவனைப் பார்த்து வாடிக்கையாளர் சிரிப்பதா, அவன்மேல் பரிவு கொள்வதா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

1986 ஏப்ரல் 7 அன்று, மூன்று நகர்ப்பகுதிகளில் ஒரே நாளில் நடந்த 'ரெஸில்மேனியா 2' என்ற மல்யுத்தக் காட்சியில், சிகாகோ பகுதி அரங்கில் கிளாரா பெல்லரும், நியூயார்க் பகுதி அரங்கில் ஹெர்பும் சிறப்பு நேரக் காப்பாளர்களாக வந்தார்கள். விளம்பரப் பாத்திரங்கள் அக்காலத்தில் எவ்வளவு எளிதாகப் பொதுக் கேளிக்கையின் மனிதர்கள் ஆனார்கள் என்பதற்கு இது நேரடிச் சான்று. வெற்றியை மட்டும் பதிந்து தோல்வியை விட்டுவிட்டால் அந்தக் காலத்தின் பாதி நமக்குத் தெரியாமல் போகும். கிளாரா பெல்லர் ஏன் வென்றார் என்று புரிந்துகொள்ள ஹெர்ப் ஏன் தோற்றான் என்பது தெரிந்தாக வேண்டும்.

4. அற்ப விஷயம் என்ற மறுப்பு

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். முதல் மறுப்பு: "கலைக்களஞ்சியம் என்பது அறிவின் உயர்ந்த சேமிப்பு. பர்கர் விளம்பரத்துக்கு அங்கே என்ன வேலை?"

இந்தக் கேள்வி புதிதில்லை. பிரான்சில் தீதரோவும் தலம்பேரும் 1751-இல் தொடங்கிய கலைக்களஞ்சியம், 17 உரைத் தொகுதிகளும் 11 படத் தொகுதிகளுமாக 1772-இல் நிறைவுற்றது. இறையியலும் தத்துவமும் இடம்பெற்ற அதே தொகுதிகளில் காலுறை நெய்யும் பொறியும் குண்டூசி செய்யும் பட்டறையும் இடம்பெற்றன. பட்டறைத் தொழில்களை அறிவுலகம் தாழ்வாக நினைத்த காலம் அது. குண்டூசி பற்றிய கட்டுரை, ஒரு குண்டூசி உருவாகப் பதினெட்டு வேலைகள் நடப்பதை எடுத்துச் சொன்னது. 1776-இல் ஆடம் ஸ்மித் தம் நூலின் தொடக்கத்தில் வேலைப் பகுப்பை விளக்க எடுத்த எடுத்துக்காட்டு குண்டூசிப் பட்டறை. அங்கும் ஏறத்தாழ பதினெட்டு வேலைகளே. அந்தக் கட்டுரையை அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அற்பம் என்று யாரோ ஒருவர் அன்று குண்டூசியை விலக்கியிருந்தால், பொருளியலின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

ஒரு பொருள் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைக் கட்டுரையின் தகுதிக்கு அளவாக வைத்தால், ஒவ்வொரு காலத்தின் ஆணவமும் களஞ்சியத்தின் வாசலில் காவல் நிற்கும். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கர் என்ன உண்டார், எதைக் கேட்டுச் சிரித்தார், எதற்குக் கடைவாசலில் வரிசையில் நின்றார் என்பது வரலாறுதான். 1984-இல் மெக்டொனால்ட்ஸ் நடத்திய ஒலிம்பிக் பரிசு இயக்கத்தைப் பாருங்கள். வாடிக்கையாளருக்குத் தரும் சீட்டைச் சுரண்டினால் ஒரு விளையாட்டின் பெயர் தெரியும். அதில் அமெரிக்கா தங்கம் வென்றால் பிக் மாக் பர்கர், வெள்ளி வென்றால் உருளை வறுவல், வெண்கலம் வென்றால் குளிர்பானம் இலவசம். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கா வென்ற தங்கம் 34. ஆனால் 1984 மே மாதம் சோவியத் ஒன்றியம் லாஸ் ஏஞ்சலஸ் போட்டியைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல அதைப் பின்தொடர்ந்தன. வலிய எதிரிகள் இல்லாத களத்தில் அமெரிக்கா 83 தங்கத்தோடு மொத்தம் 174 பதக்கங்களைக் குவித்தது. சில கடைகளில் பிக் மாக் தட்டுப்பாடு ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. 1992-இல் 'தி சிம்ப்சன்ஸ்' தொடர் இதை ஓர் அத்தியாயத்தில் கேலிக்கதையாக்கியது. பனிப்போரின் ஒரு முடிவு ஒரு சிற்றூர் உணவகத்தின் கல்லாவில் எப்படி வந்து விழுந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது.

5. இலவச விளம்பரம் என்ற மறுப்பு

இரண்டாவது மறுப்பு கனமானது. "நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய புகழ் கரைந்துபோயிற்று. நாம் ஏன் அதற்குக் காசில்லாமல் நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும்?"

இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. அதே பர்கர் கிங் 2017 ஏப்ரலில் செய்தது ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து நொடி ஓடும் ஒரு தொலைக்காட்சி விளம்பரம். முடிவில் நடிகர், வீட்டிலிருக்கும் கூகுள் பேச்சுக் கருவியை விளித்து, வாப்பர் என்றால் என்ன என்று கேட்பார். பார்ப்பவர் வீட்டுக் கருவி அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, விக்கிப்பீடியாவின் வாப்பர் கட்டுரையை வாசிக்கத் தொடங்கும். விளம்பரம் வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அந்தக் கட்டுரையின் தொடக்கம் விளம்பர நடைக்கு மாற்றப்பட்டிருந்ததைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பொதுமக்களில் சிலர் சினமுற்று, கட்டுரைக்குள் நச்சுப் பொருள்களின் பெயர்களையெல்லாம் சேர்த்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் கூகுள் தன் கருவி அந்தக் குரலுக்குப் பதிலளிக்காதபடி செய்தது. அதே ஆண்டு கான் விளம்பர விழாவில் அந்த இயக்கத்துக்கு உயர்ந்த பரிசுகளில் ஒன்று கிடைத்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. களஞ்சியத்தின் குரலைத் தன் குரலாக்கிக்கொள்ள வணிகம் முயலும். அந்தத் துறை அதைத் திறமை என்று பாராட்டவும் செய்யும். ஊதியம் பெற்று எழுதுவோர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014-இலேயே தன் பயன்பாட்டு விதிகளில் சேர்த்தது இத்தகைய முயற்சிகளைக் கருதித்தான். ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்து, விளம்பரங்களைப் பற்றி எழுதாமல் இருப்பது ஆகாது. வாய்மூடிய இடத்தில் நிறுவனத்தின் சொந்தக் கதை மட்டுமே மிஞ்சும். ஹெர்ப் பற்றிய நேர்மையான கட்டுரை ஒன்றில் செலவும் வரும், லாப வீழ்ச்சியும் வரும், அலபாமா செனட்டின் கண்டனமும் வரும். இவற்றைப் படித்துவிட்டு யாரும் வாப்பர் வாங்க ஓடமாட்டார்கள். விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு எழுந்திருப்பார்கள்.

6. சாட்சி என்னும் அளவுகோல்

சரி, எதைக் கொண்டு இடம் தருவது? விக்கிப்பீடியா தன் குறிப்பிடத்தக்கமை விதியில் ஒரு தெளிவான அளவை வைத்திருக்கிறது. நம்பத்தகுந்த, பொருளோடு தொடர்பில்லாத ஆதாரங்களில், மேலோட்டமாக இல்லாமல் விரிவாக, அது பேசப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை அந்தத் தகுதி வந்துவிட்டால் காலம் கடந்ததால் அது போய்விடாது. நிறுவனங்களைப் பொறுத்தவரை விதி இன்னும் கடுமையானது. புதிய கிளை திறந்தது, புதிய பண்டம் அறிமுகமானது, காலாண்டு லாபம் இவ்வளவு என்ற வழக்கமான செய்திகள் கணக்கில் சேரா.

இந்த அளவை நான் மனமார ஏற்கிறேன். விளம்பரம் என்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே காசு கொடுத்துச் சொல்லிக்கொள்வது. தனக்குத் தானே சொல்லிக்கொள்வது சாட்சியம் ஆகாது. ஹெர்பைப் பொறுத்தவரை, நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள், விளம்பரத் துறை இதழ்கள், ஒரு மாநில சட்டமன்றத்தின் நடவடிக்கை, பின்னாளில் வந்த விளம்பர வரலாற்று எழுத்துகள் என்று சாட்சிகள் பலர். அவர்களில் யாரும் பர்கர் கிங்கின் சம்பளப் பட்டியலில் இல்லை.

இதற்கு எதிரான ஒரு கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஏ அண்ட் டபிள்யூ என்ற துரித உணவுச் சங்கிலி 1980களில் மூன்றில் ஒரு பவுண்டு எடையுள்ள பர்கரை மெக்டொனால்ட்ஸின் கால் பவுண்டு பர்கருக்கு எதிராக விளம்பரப்படுத்தியதாம். சுவையில் நன்றாக இருந்தும், விலையில் கூடுதல் இல்லாமலிருந்தும் விற்கவில்லையாம். நான்கு என்ற எண் மூன்றைவிடப் பெரியது என்பதால், கால் பங்குதான் அதிகம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்களாம். உலகம் முழுவதும் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஆனால் இதன் வேரைத் தேடிப் போனால், அந்தச் சங்கிலியின் அப்போதைய உரிமையாளர் ஆல்ஃப்ரெட் டாப்மன் 2007-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் போய் நிற்கிறது. தோல்விக்கு வாடிக்கையாளரின் கணக்கறிவு காரணம் என்று சொல்பவர், அந்தத் தோல்வியின் உரிமையாளர். 2021-இல் அந்த நிறுவனமே ஒன்பதில் மூன்று பவுண்டு பர்கர் என்று பெயரிட்டு, பழைய தோல்வியைப் புதிய விளம்பரமாக்கியது.

இங்கே களஞ்சியம் என்ன செய்ய வேண்டும்? கதையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. "உரிமையாளர் தம் நூலில் இவ்வாறு கூறுகிறார்" என்று சொல்லி நிறுத்த வேண்டும். நடந்த உண்மையாக எழுதிவிடக் கூடாது. ஹெர்ப் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதில் தோல்வியைப் பிறர் கண்டு சொன்னார்கள். பின்னதில் தோற்றவர் ஒருவரே சொல்கிறார். தோல்விக் கதையும் ஒரு நிறுவனத்துக்கு ஆதாயமாகலாம் என்பதால், தோல்வியை ஒப்புக்கொள்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நம்பிவிட முடியாது.

7. தோல்வியின் பதிவை யார் காப்பது?

அமெரிக்காவில் விளம்பர ஆவணக் காப்பகங்கள் சிறப்பானவை. ஜே. வால்ட்டர் தாம்சன் முகமையின் பெருந்தொகையான ஆவணங்கள் டியூக் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் விளம்பர வரலாற்றுத் தொகுப்புகள் இருக்கின்றன. அங்கே பெப்சி, மார்ல்பரோ, அல்கா-செல்ட்சர் முதலியவற்றின் இயக்கங்கள் பற்றி, அவற்றில் பணியாற்றியவர்களின் வாய்மொழி வரலாறுகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். எல்லாம் வென்ற இயக்கங்கள். வென்றவர் தம் கதையைச் சொல்ல முன்வருவார், ஆவணத்தைக் கொடுப்பார், நிதியும் தருவார். தோற்றவருக்கு அந்த ஆர்வம் இருப்பது அரிது.

இதன் விளைவு சிறியதில்லை. வென்ற இயக்கங்களை மட்டுமே பார்த்து வளரும் மாணவர், விளம்பரத்துக்கு இல்லாத ஆற்றலை ஏற்றிப் பார்ப்பார். மர்மம் ஏற்படுத்தினால் விற்கும், பெரிய ஆட்டத்தின் நடுவே காட்டினால் விற்கும், பணத்தைக் கொட்டினால் விற்கும் என்று நம்புவார். ஹெர்ப் இயக்கத்தில் இந்த மூன்றும் இருந்தன. விற்கவில்லை. மக்களை எதை வேண்டுமானாலும் வாங்கவைக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தத் தோல்விகளே மறுப்பு. நுகர்வோருக்கு மறுக்கும் திறன் உண்டு என்பதற்கான சான்று இவற்றில்தான் இருக்கிறது. ஆகவே தோல்வியைப் பதிவது, மக்களின் பக்கத்தைப் பதிவதுமாகும்.

சில தோல்விகள் துயரத்திலும் முடிந்திருக்கின்றன. துரித உணவுக்கு அண்டைத் தொழிலான குளிர்பானத்தில், 1992-இல் பிலிப்பைன்சில் பெப்சி நடத்திய எண் போட்டியை நினைவூட்டுகிறேன். மே மாதம் 349 என்ற எண்ணுக்கு 10 லட்சம் பெசோ பரிசு என்று அறிவித்தார்கள். அந்த எண் அச்சான பாட்டில் மூடிகள் சுமார் 8 லட்சம் வெளியில் இருந்தன. கலவரமும் உயிரிழப்பும் நேர்ந்தன. வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை சென்று 2006-வரை நீண்டன. ஏழை மக்களின் நம்பிக்கையோடு விளையாடிய ஒரு விளம்பரத்தின் கதை அது. இதை அற்பம் என்று யார் சொல்வார்?

8. கட்டுரை எப்படி அமைய வேண்டும்?

இடம் உண்டு என்று சொன்னதோடு என் பொறுப்பு முடிந்துவிடாது. எழுதும் முறையையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, காரணத்தைச் சொல்வதில் அடக்கம் வேண்டும். 1986-இல் லாபம் 40 விழுக்காடு வீழ்ந்தது என்பது செய்தி. ஹெர்ப்தான் அதைச் செய்தான் என்பது முடிவு. 1980களில் பர்கர் கிங்கின் தலைமை அடிக்கடி மாறியது. சந்தையில் போட்டி நெருக்கியது. இவற்றையும் சொல்லி, இன்ன காரணம் என்று இன்னார் கருதினார் என்று எழுதுவதே முறை.

இரண்டாவது, தனிமனிதரைக் காக்க வேண்டும். பெசமர் சிறுவனின் பெயர் அன்றைய செய்திகளில் வந்திருக்கலாம். கட்டுரைக்கு அது தேவையில்லை. வயதும் விதியும் தீர்மானமும் போதும். ஒருவர் பதினைந்து வயதில் ஒரு கடைக்குப் போனதற்காக வாழ்நாள் முழுவதும் களஞ்சியத்தில் நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அளவு. இடப் பஞ்சம் இப்போது பழைய கதை. பிரிட்டானிக்காவின் கடைசி அச்சுப் பதிப்பு 2010-இல் 32 தொகுதிகளாக வந்தது. 2012-இல் அச்சை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மின்னணுக் களஞ்சியத்தில் இடத்துக்கு எல்லை இல்லை, ஆனால் எழுதுவோர் உழைப்புக்கும் படிப்போர் கவனத்துக்கும் எல்லை உண்டு. "உழவரைப் பற்றியும் நெசவாளரைப் பற்றியும் நல்ல கட்டுரைகள் இல்லாதபோது பர்கருக்கு இத்தனை பக்கமா?" என்று கேட்பவரின் கோபம் நியாயமானது. அதற்கான விடை, இல்லாததை எழுதுவதும், இருப்பதைத் தகுந்த நீளத்தில் நிறுத்துவதும். இருப்பதை அழித்தால் உழவர் பற்றிய கட்டுரை தானாக வந்துவிடாது.

நான்காவது, விலக்க வேண்டியதை விலக்கும் உறுதி. ஒரு வாரம் ஓடி மறைந்த தள்ளுபடி அறிவிப்பு, நிறுவனத்தின் செய்திக் குறிப்பை அப்படியே அச்சிட்ட நாளிதழ்த் துணுக்கு, சமூக ஊடகத்தில் இரண்டு நாள் கேலிக்கு ஆளான படம், இவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டாம். நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி தகுமானால் ஒரு வரி, இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். தோல்வி எல்லாமே வரலாறு ஆகிவிடாது. அதை யாரேனும் ஆராய்ந்து எழுதியிருந்தால்தான் களஞ்சியம் தொட முடியும்.

9. நமக்கான பணி

இறுதியாக, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு. தமிழில் கலைக்களஞ்சியப் பணிக்கு மதிப்புமிக்க மரபு உண்டு. 1902-இல் யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம், 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம், 2003 முதல் தன்னார்வலர் உழைப்பில் வளரும் தமிழ் விக்கிப்பீடியா. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வியை இவர்கள் எல்லோரும் எதிர்கொண்டார்கள்.

ஹெர்ப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதலாம், எழுதுங்கள். அதைவிட முந்திய பணி ஒன்று உங்களுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஹெர்புக்குக் கட்டுரை எழுத முடிவதற்குக் காரணம், 1986-இலேயே இதழாளர்கள் அந்த இயக்கத்தின் செலவையும் விதிகளையும் விளைவையும் விசாரித்து எழுதினார்கள் என்பது. விளம்பரம் தரும் நிறுவனத்தின் தோல்வியை, அந்த விளம்பரத்தால் வாழும் பத்திரிகையே எழுதியது. நம் மொழியிலும் விளம்பரங்கள் வெல்கின்றன, தோற்கின்றன. ஆனால் தோற்றவை பற்றி விசாரித்து எழுதும் வணிக இதழியல் நம்மிடம் மெலிந்திருக்கிறது. சாட்சி இல்லாத இடத்தில் எந்தக் களஞ்சியமும் கட்டுரை எழுத முடியாது.

ஆகவே நீங்கள் நிருபர்களாகப் பணிக்குப் போகும்போது, ஒரு விளம்பர இயக்கம் தொடங்கும் நாளில் வரும் செய்திக் குறிப்போடு நின்றுவிடாதீர்கள். அது முடிந்த பிறகும் போய்க் கேளுங்கள். எவ்வளவு செலவானது, பரிசு யாருக்குப் போனது, விதியால் யார் விலக்கப்பட்டார், கடைக்காரர் என்ன சொல்கிறார், வாங்கியவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். ஆய்வு மாணவர்கள் பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களை எடுத்து, மறைந்துபோன பண்டங்களின் கதையைத் தேடுங்கள். அந்த எழுத்து வந்தால்தான், ஐம்பது ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டின் ஒரு தோற்ற விளம்பரத்துக்குக் களஞ்சியத்தில் இடம் உண்டா என்று இதே மேடையில் இன்னொருவர் ஆதாரத்தோடு வாதிட முடியும்.

தோற்ற விளம்பரத்துக்கு இடம் உண்டு. அந்த இடத்தை வாங்கித் தர வேண்டியவர்கள் நிறுவனத்தார் இல்லை, உண்மையை விசாரித்து எழுதும் உங்களைப் போன்றவர்கள்.